வாசகர் கேள்வி: அழுவது விசுவாசக் குறைவா?

கேள்வி: கணவரின் 31ஆம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. கதவோரம் கிடக்கும் அவருடைய செருப்பைக் காணும்போதெல்லாம் அழுகிறேன். "விசுவாசமுள்ளவள் இப்படி அழலாமா?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். என் விசுவாசம் குறைவானதா?
– வாசகி, பாலையூற்று, திருகோணமலை

பதில்: இல்லை, சகோதரி. யோவான் நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில், நான்கு நாட்களாகக் கல்லறையில் கிடந்த இலாசரை உயிரோடு எழுப்பப்போவதை அறிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார்; அப்படியிருக்க, உங்களை அழவேண்டாம் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை என்றே நான் கருதுகிறேன். தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் (4:13) பவுலும் துக்கத்தைத் தடுக்கவில்லை. எதிர்நோக்கு இல்லாதவர்களைப் போலத் துயருற வேண்டாம் என்றுதான் எழுதினார். இறந்தோரைத் துயில்கொண்டோர் என்று அவர் அங்கே அழைப்பதை, இறந்த விசுவாசிகளை நினைவுகூரும் நாளான நவம்பர் 2ஆம் திகதி சேமக்காலையில் மெழுகுதிரி ஏற்றும்போது நினைத்துக்கொள்ளுங்கள். செருப்பு, உறவினர்கள் என்ன சொன்னாலும், இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும்.