வாசகர் கேள்வி – பதில்: சாண வாயுவில் டர்பைன் ஓடுமா?

கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகர்: சேர், எங்களுக்கு 40 எருமை உள்ள பட்டி இருக்கிறது, தயிர்தான் தொழில். கட்டாரில் இருக்கும் தம்பி, மைக்ரோ டர்பைன் என்று ஒரு இயந்திரம் கரண்டும் சூடும் சேர்த்துத் தரும், சாண வாயுவிலும் ஓடும் என்கிறான். வாங்கலாமா?

நானா, தம்பி சொன்னது சரிதான், ஓடும். ஆனால் உங்கள் பட்டிக்கு வேண்டாம். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தையில் உள்ள சின்ன மைக்ரோ டர்பைன்களில் ஒன்று 30 கிலோவாட். எரிவாயுவில் உள்ள சக்தியில் கால் பங்குக்குச் சற்றுக் கூடுதலாக, சுமார் 26 சதவீதத்தைத்தான் அது கரண்டாக்கும். சாண வாயுவில் எரியும் பகுதியான மெதேன் 60 சதவீதம் இருந்தால் ஒரு கன மீற்றரில் 6 யூனிட் அளவு சக்தி இருக்கும். அப்படியானால் அந்த டர்பைன் ஒரு மணித்தியாலம் ஓட 19 கன மீற்றர் வாயு வேண்டும். உங்கள் எருமைகள் பகலில் குளத்திலும் வயலிலும் நிற்கும், இரவில் பட்டியில் விழும் சாணம் மட்டும்தான் கையில் கிடைக்கும். ஒன்றுக்கு 7 கிலோ என்றாலும் 280 கிலோ, கிலோவுக்கு 40 லீற்றர் வாயு என்று வைத்தால் நாளுக்கு 11 கன மீற்றர். அதாவது முழுநாள் வாயுவும் அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான ஓட்டத்தில் முடிந்துவிடும். இரவு பகலாக ஓட வைக்க உங்களுக்கு ஆயிரத்து அறுநூறு எருமை வேண்டும்.

அதே 11 கன மீற்றரை அடுப்பில் எரித்துப் பாருங்கள். 5 கிலோ சமையல் காஸுக்குச் சமம், இரண்டரை நாளில் ஒரு 12.5 கிலோ சிலிண்டர் மிச்சம். நூறு லீற்றர் பால் காய்ச்ச இரண்டு, இரண்டரைக் கன மீற்றர் போதும். தயிர்த் தொழிலில் விறகுக்குத்தானே காசு போகிறது? உங்களுக்கு வேண்டியது சூடு, அதை நேராக அடுப்பிலிருந்தே எடுங்கள். பட்டிக்கு லைட்டும் தண்ணீர் மோட்டாரும் ஓட வேண்டுமென்றால், சாண வாயுவுக்கு மாற்றிய சின்ன பெற்றோல் ஜெனரேட்டர் போதும். ஆனால் அதற்கு முன் வாயுவை இரும்புத் தூள் நிரப்பிய குழாய் வழியாக விடுங்கள். அழுகிய முட்டை நாற்றம் தருகிற ஐதரசன் சல்பைட்டு அதில் பிடிபடும், இல்லாவிட்டால் எஞ்சினை உள்ளே அரித்துவிடும்.

ஒரு சின்ன விஷயம். தம்பலகாமத்தில் ஒரு வீட்டில் அடுப்பின் நீலச் சுவாலை துடித்துத் துடித்து அணைந்துகொண்டிருந்தது. வீட்டு அக்கா சாண வாயுவே சரியில்லை என்று கைவிடப் பார்த்தார். குழாயின் தாழ்ந்த வளைவில் இருந்த திருகைத் திறந்தோம், ஒரு கோப்பை அளவு மண்நிறத் தண்ணீர் சொட்டியது, சுவாலை நின்று எரிந்தது. வாயுவோடு நீராவியும் வரும், குளிர்ந்தால் தண்ணீராகிவிடும். குழாய் போடும்போதே தாழ்ந்த இடத்தில் ஒரு திருகு வைத்துவிடுங்கள்.

திருகோணமலை நகரிலிருந்து ஒரு உயர்தர மாணவி: மைக்ரோ டர்பைனுக்கு எண்ணெயே தேவையில்லை என்று படித்தேன். அது எப்படி?

எல்லா வகைக்கும் அப்படியில்லை மகள், காற்றுத் தாங்கி உள்ளவற்றுக்கு மட்டும். 30 கிலோவாட் வகையில் தண்டு நிமிடத்துக்கு 96,000 தடவை சுழலும், செக்கனுக்கு 1,600. அந்த வேகத்தில் தண்டைச் சுற்றி மெல்லிய காற்றுப் படலம் தானாக உருவாகித் தண்டைத் தாங்கிக்கொள்ளும், உலோகத்தில் உலோகம் படாது. புறப்படும்போதும் நிற்கும்போதும் மட்டும் உரசும். காற்றை அமுக்கும் அழுத்தியும், சூடான வாயுவால் சுற்றும் சுழலியும், காந்த ஜெனரேட்டரும் ஒரே தண்டில் இருப்பதால் பற்சக்கரமும் இல்லை. அந்த வேகத்தில் வரும் மின்சாரம் நம் 50 ஹேர்ட்ஸுக்குப் பொருந்தாது, அதனால் முதலில் நேரோட்டமாக்கி, அப்புறம் இலத்திரனியல் சுற்றால் ஆடலோட்டமாக்குவார்கள். இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: வெளியேறும் புகையின் சூட்டால் உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் பகுதி ஒன்று உண்டு, அதை எடுத்துவிட்டால் எரிவாயுவைக் கரண்டாக்கும் திறன் ஏறத்தாழ பாதியாகிவிடும். எனக்கு இந்த இயந்திரத்தில் மிகப் பிடித்த பகுதி அதுதான்.

நிலாவெளியிலிருந்து ஒரு ஹோட்டல் முகாமையாளர்: எங்களிடம் 60 அறைகள். சிலிண்டர் காஸில் மைக்ரோ டர்பைன் ஓட்டினால் கரண்ட் பில் குறையுமா?

இலங்கையில் குழாய் வழி இயற்கை வாயு இல்லை. மன்னார்க் கடலில் 2011 இல் வாயு கண்டுபிடித்தும் இன்னும் எடுக்கவில்லை. ஆகவே நீங்கள் சொல்வது இறக்குமதி காஸ். 65 கிலோவாட் வகை ஒன்றின் திறன் 29 சதவீதம், அப்படியானால் 12.5 கிலோ சிலிண்டரில் 46 யூனிட் அளவு கரண்ட் வரும். இன்றைய சிலிண்டர் விலையை 46 ஆல் வகுத்து உங்கள் பில்லோடு ஒப்பிடுங்கள். அந்த விடையோடு சேர்த்து ஒன்றைப் பாருங்கள்: அதே சிலிண்டரின் புகைச் சூட்டில் பாதியை மீட்டால் 30 பாகைத் தண்ணீர் ஆயிரத்து அறுநூறு லீற்றர் அளவு 60 பாகைக்கு வரும். அந்தச் சுடுநீரை நாள்தோறும் சலவைக்கும் குளியலுக்கும் செலவழிக்க முடிந்தால்தான் இயந்திரத்துக்கு அர்த்தம். முடியாவிட்டால் முக்கால் பங்கு சக்தி புகைபோக்கியில் போய்விடும். சுடுநீருக்கு மட்டும் என்றால் நம் வெயிலுக்குக் கூரையில் சூரிய ஹீட்டர் போதும்.

அப்புறம், இந்த இயந்திரங்களின் கிலோவாட்டை 15 பாகை வெப்பத்தில்தான் அளந்து எழுதுவார்கள். உங்கள் சீசனில் கச்சான் காற்று அடிக்கும்போது நிலாவெளியில் 34, 35 பாகை. சூடான காற்று ஐதாக இருக்கும், டர்பைன் தரும் சக்தியும் குறையும், அதுவும் அறைகள் எல்லாம் ஏசியோடு நிரம்பியிருக்கும் நேரத்தில்! புகைச் சூட்டைக் கொண்டு குளிரூட்டும் உறிஞ்சல் முறையும் உண்டு, அமோனியா வகையில் ஐஸ்கூடச் செய்யலாம். கொட்பே துறைமுகத்தில் மீன் இறக்குபவர்களுக்கு அது நல்ல யோசனை என்று நினைக்கிறேன், உங்கள் ஹோட்டலுக்கு அல்ல. ஒரு வாரத்துக்கு, நாளுக்கு எத்தனை லீற்றர் சுடுநீர் போகிறது, இரவில் எத்தனை யூனிட் ஓடுகிறது என்று எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் கணக்குப் போட்டுத் தருகிறேன்.