சிடி ஸ்கேனிலிருந்து இடுப்பு முள்ளெலும்புகளை 3டி மாதிரியாக்க எந்த மென்பொருள் நல்லது? (கும்பகோணம்)

பிசியோதெரபி வகுப்புக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மென்பொருளை அப்புறம் பார்க்கலாம். மாதிரி தேறுமா என்பது ஸ்கேன் சென்டரிலேயே முடிவாகிவிடும். ஃபிலிமோடு தரும் சிடியில் பல நேரம் 5 மி.மீ. தடிமனில் ஸ்லைஸ்தான் (குறுக்குவெட்டுப் படம்) இருக்கும். அதில் செய்தால் எலும்பு படிக்கட்டு மாதிரி வரும். 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய ஸ்லைஸ், டைகாம் (மருத்துவ ஸ்கேன் படங்களின் வடிவம்) ஃபைலாக வேண்டும் என்று ஸ்கேன் அன்றே கேளுங்கள். பிறகு போனால் அழித்துவிட்டோம் என்பார்கள். தஞ்சாவூரோ கும்பகோணமோ, காசு கொடுத்தவருக்கு அவருடைய டேட்டாவை முழுசாகத் தர என்ன தயக்கமோ தெரியவில்லை. எம்ஆர்ஐ உதவாது: எலும்பின் கெட்டியான வெளி ஓடும் அதை ஒட்டிய தசைநாரும் அதில் ஒரே கறுப்பு.

3டி ஸ்லைசர் இலவசம், அதுவே போதும். அதன் செக்மென்ட் எடிட்டரில் திரெஷோல்டை, அதாவது எலும்பு என்று எடுக்கும் குறைந்தபட்ச அடர்த்தியை, 200 ஹவுன்ஸ்ஃபீல்ட் (சிடியில் அடர்த்தியின் அளவு) அலகில் தொடங்குங்கள். வயதானவரின் ஸ்கேனில் உள்ளே இருக்கும் பஞ்செலும்பு 100-க்கும் கீழே போகலாம், அப்போது நடுவில் பொத்தல் விழும். விழட்டும், இப்போது தொடாதீர்கள்.

நேரம் எல்லாம், அடுத்தடுத்த முள்ளெலும்புகள் பின்பக்கம் சந்திக்கும் ஃபேசட் மூட்டில்தான் போகும். எல்4-க்கும் எல்5-க்கும் (நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகள்) நடுவே அங்கே ஓரிரு மி.மீ. இடைவெளிதான், திரெஷோல்ட் இரண்டையும் ஒட்டிவிடும். அக்சியல் (குறுக்கு) வெட்டில் மூட்டு வளைந்த கறுப்புக் கோடாகத் தெரியும். பல ஸ்லைஸ்களில் ஒரேயடியாக அழிக்கும் ஸ்பியர் பிரஷ்ஷை அணைத்துவிட்டு, 1 மி.மீ. இரேசரை அந்தக் கோட்டின்மேல் மட்டும் ஸ்லைஸ் ஸ்லைஸாக ஓட்டுங்கள். கத்தரிக்கோல் கருவி வேண்டாம், அது நேராக வெட்டி மூட்டின் முகத்தையே சிதைக்கும். பிறகு ஐலண்ட்ஸ் கருவியில் (ஒட்டாத துண்டுகளைப் பிரிப்பது) ஸ்ப்ளிட் கொடுத்தால் ஒவ்வொரு எலும்பும் தனியாகும். பொத்தலை அடைக்கும் குளோசிங் இதற்கு அப்புறம்தான். முன்னால் கொடுத்தால் மூட்டும் சேர்ந்து அடைபடும். மேற்பரப்பை வழவழப்பாக்கும் மீடியன் ஸ்மூத்திங்கை 3 மி.மீ.க்கு மேல் ஏற்றினால் குறுக்கு நீட்சிகளின் நுனி தேய்ந்துவிடும்.

இதை வைத்து அறுவை சிகிச்சைக்கு ஸ்க்ரூ அளவு எடுக்கலாமா என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். கூடாது. நான் சொல்வது வகுப்பில் காட்டும் மாதிரிக்கு மட்டும்.

3டி பிரிண்டுக்குக் கொடுக்கும் எஸ்டிஎல் ஃபைலில் அலகு பதிவாகாது. பிரிண்ட் மென்பொருளில் மி.மீ. என்று வைத்து, எலும்பின் அகலத்தை ஸ்கேனில் அளந்ததோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பிஎல்ஏ (பிரிண்டர் பிளாஸ்டிக் இழை) சுருள் ஈரம் குடிக்கும். நாசிலில் (பிளாஸ்டிக் வெளிவரும் முனை) சடசடவென்று சத்தம், எலும்பெல்லாம் நூல் நூலாக இழுக்கும். 45 டிகிரியில் ஐந்தாறு மணி நேரம் உலர்த்திவிட்டு பிரிண்ட் போடுங்கள்.