திறந்த முனையில் ஒலி எதில் மோதித் திரும்புகிறது? ஆர்கன் குழாய் கேள்வி பதில்

பிளஸ் ஒன் இயற்பியலில் ‘அலைகள்’ பாடத்துக்கு வந்தால் ஆர்கன் குழாயில், அதாவது உள்ளிருக்கும் காற்று அதிர்ந்து இசை எழுப்பும் குழாயில், தடுமாறாத பிள்ளைகள் குறைவு. பல வருஷம் அந்தப் பாடத்தை நடத்தியவன் என்பதால், சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கடலூர், புதுச்சேரிப் பக்கமிருந்து மாணவர்கள் மட்டுமல்ல, நாதஸ்வரக்காரர், தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறவர் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். ரொம்ப சந்தோஷம்.

திருப்பாதிரிப்புலியூர், பிளஸ் ஒன் மாணவர்: சார், மூடிய முனையில் ஒலி மோதித் திரும்புவது புரிகிறது. திறந்த முனையில் மோதுவதற்கு என்ன இருக்கிறது? அங்கிருந்து எப்படித் திரும்பும்?

தம்பி, இந்தப் பாடத்தின் உயிரே இந்தக் கேள்விதான். இது புரியாமல் சூத்திரத்தை மனப்பாடம் செய்து பிரயோஜனமில்லை.

காற்று சற்றே அழுந்திய ஒரு பகுதி, அதாவது ஒரு நெருக்கம், குழாய்க்குள் ஓடி வருகிறது என்று வைத்துக்கொள். உள்ளே இருக்கும்வரை சுற்றிலும் சுவர். பக்கவாட்டில் விரிய வழியில்லாததால் அழுத்தம் குறையாமல் முன்னேறுகிறது. வாயை எட்டியதும் சுவர் முடிந்துபோகிறது. காற்று எல்லாப் பக்கமும் சட்டென்று விரிய, அழுத்தம் வெளிக்காற்றின் அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் விரிந்த வேகத்தில் காற்று அளவோடு நிற்பதில்லை. கொஞ்சம் கூடுதலாகவே வெளியேறிவிடுகிறது. அதனால் வாயருகே அழுத்தம் குறைந்த பகுதி, ஒரு தளர்ச்சி, உண்டாகிறது. அந்தத் தளர்ச்சிதான் உள்ளே திரும்பி ஓடுகிறது. போனது நெருக்கம், வந்தது தளர்ச்சி. மூடிய முனையில் அப்படி மாறாது, நெருக்கம் நெருக்கமாகவே திரும்பும்.

இப்போது கணக்கைப் பார். இரண்டு முனையும் திறந்திருந்தால் ஒரு சுற்றில் இரண்டு முறை மாறி, நெருக்கம் மறுபடி நெருக்கமாகவே புறப்பட்ட இடத்துக்கு வரும். அதற்கு ஆகும் தூரம் குழாய் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு. ஒரு முனை மூடியிருந்தால் ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு மாற்றம். ஆக, பழைய நிலைக்கு வர இரண்டு சுற்று வேண்டும், தூரம் நான்கு மடங்கு. அதனால்தான் ஒரே நீளமுள்ள மூடிய குழாய், திறந்த குழாயைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கிறது. இந்தத் தாளத்தோடு பொருந்தி வரும் அதிர்வெண்களில் மட்டும் போகிற அலையும் வருகிற அலையும் ஒன்றையொன்று வலுப்படுத்தி நிலை அலையாகின்றன, அதாவது ஓடாமல் இடத்திலேயே நின்று அதிரும் அலையாகின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒலி முழுவதும் திரும்பிவிடுவதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு சிறு பங்கு வெளியே கசிகிறது. நாம் கேட்கும் இசை அந்தக் கசிவுதான்.

மஞ்சக்குப்பம், மாணவி: மூடிய முனையில் கணு என்று படிக்கிறோம். அப்படியானால் அங்கே ஒலியே இருக்காதா சார்?

இல்லம்மா. புத்தகத்தில் வரைந்திருப்பது காற்றுத் துகள்களின் இடப்பெயர்ச்சி. மூடிய முனையில் துகள் நகர முடியாது, அதனால் அது கணு. ஆனால் அழுத்தம் மிக அதிகமாக ஏறி இறங்குவதும் அதே இடத்தில்தான். காதும் மைக்கும் உணர்வது அழுத்தத்தை. ஒரு சிறிய மைக்கை உள்ளே செலுத்திப் பார்த்தால் மூடிய முனையருகேதான் ஒலி பலமாகப் பதிவாகும்.

நெல்லிக்குப்பம், மாணவி: ஒத்ததிர்வுத் தம்பச் சோதனையில் (ஒரு முனை நீரால் மூடிய குழாயில் காற்றுத் தம்பத்தின் நீளத்தை மாற்றி, ஒலி பலக்கும் இடத்தைப் பார்ப்பது) 512 ஹெர்ட்ஸ் இசைக்கவைக்கு முதல் ஒத்ததிர்வு 16.1 செ.மீ.யில் வந்தது. நான்கால் பெருக்கி, 512ஆலும் பெருக்கினால் நொடிக்கு 330 மீட்டர். புத்தகத்தில் 331 என்று இருக்கிறது. ஆனாலும் சார் தவறு என்கிறார்.

உங்கள் சார் சொல்வது சரி. 331 என்பது 0 டிகிரியில் உள்ள வேகம். கடலூரில் எந்த ஆய்வகம் 0 டிகிரியில் இருக்கிறது? 30 டிகிரியில் வேகம் ஏறக்குறைய 349 வர வேண்டும். உன் விடை புத்தகத்தோடு ஒத்துப்போனது தற்செயல்.

காற்றுத் தம்பம் குழாயின் விளிம்போடு முடிவதில்லை. மேலே சொன்ன விரிவு விளிம்புக்குச் சற்று வெளியேதான் நடக்கிறது. அந்தக் கூடுதல் நீளத்துக்குத்தான் முனைத்திருத்தம் என்று பெயர், விட்டத்தில் சுமார் 0.3 பங்கு. இரண்டாவது ஒத்ததிர்வையும் எடுத்துப் பார். 50.2 செ.மீ. பக்கம் கிடைக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 34.1 செ.மீ., அது சரியாக அரை அலைநீளம். கழிக்கும்போது முனைத்திருத்தம் அடிபட்டுப் போகும். இரண்டால் பெருக்கி, 512ஆல் பெருக்கு, 349 வரும். இரண்டு அளவு எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

புதுச்சேரி, தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறவர்: ஐயா, பைப் ஆர்கனில் சில குழாய்களின் மேல்முனை மூடியிருக்கும் என்கிறார்கள். அப்படியானால் ஊதுகிற காற்று எங்கே போகும்?

ஊதுகிற காற்று குழாய் வழியாக மேலே போக வேண்டிய அவசியமே இல்லை. குழாயின் அடியில் ஒரு மெல்லிய பிளவு உண்டு. அதிலிருந்து காற்று ஒரு தகடுபோல் எழும்பி, எதிரே உள்ள குழாய் உதட்டின் கூர்விளிம்பில் படுகிறது. உள்ளே அழுத்தம் ஏறினால் அந்தக் காற்றுத்தகடு வெளியே தள்ளப்படும், இறங்கினால் உள்ளே இழுக்கப்படும். இப்படி உள்ளும் வெளியுமாக ஆடிக்கொண்டே, ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுவது மாதிரி, நிலை அலைக்குச் சக்தி கொடுக்கிறது. கசிவில் போவதை ஈடுகட்டுவது இதுதான். மூடிய குழாயில் ஊதிய காற்று முழுவதும் அடியிலுள்ள அந்த வாய் வழியாகவே வெளியேறிவிடும்.

எந்தச் சுரம் என்று முடிவு செய்வது ஊதும் காற்று அல்ல, உள்ளே நிற்கும் காற்றுத் தம்பம். பலமாக ஊதினால் சுருதி கொஞ்சம் ஏறும். இன்னும் பலமாக ஊதினால் திறந்த குழாய் ஒரு ஸ்தாயி மேலே தாவிவிடும். ஆர்கனில் காற்றழுத்தத்தை எப்போதும் ஒரே அளவில் வைத்திருப்பது அதனால்தான்.

அவரே: மே மாதத்தில் சுருதி மாறுமா?

மாறும். 23 டிகிரி மார்கழிக் காலையோடு 38 டிகிரி மே மதியத்தை ஒப்பிட்டால் ஒலியின் வேகம் சுமார் 2.5 விழுக்காடு கூடுகிறது. சுருதியும் அதே அளவு ஏறும். ஹார்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே உள்ள தூரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு இது. காதுக்கு நன்றாகவே தெரியும். வெயிலில் குழாய் நீளுமே, சுருதி இறங்காதா என்று சிலர் கேட்பார்கள். உலோகம் நீள்வது மிக மிகக் குறைவு, இங்கே கணக்கில் வராது. இதைவிடச் சங்கடம் ஒன்று உண்டு. ஆர்கனில் பித்தளை நாக்கு வைத்த குழாய்களும் இருக்கும். அவற்றின் சுருதியை நாக்குதான் பெரும்பாலும் தீர்மானிப்பதால் வெப்பத்தில் அவ்வளவாக நகராது. மற்ற குழாய்கள் ஏறிவிட, இவை அப்படியே நிற்க, இரண்டும் ஒன்றோடொன்று சேராமல் போகும்.

பண்ருட்டி, நாதஸ்வரக் கலைஞர்: நாதஸ்வரம் திறந்த குழாயா, மூடிய குழாயா?

ஐயா, சீவாளி, அதாவது ஊதும் நாக்கு, இருக்கும் பக்கம் மூடிய முனையாகத்தான் நடந்துகொள்கிறது. அந்தக் கணக்கில் ஒற்றைப்படைச் சீரிசைகள், அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் 1, 3, 5 மடங்குகள், மட்டும்தான் வர வேண்டும். ஆனால் உங்கள் வாத்தியத்தில் எல்லாச் சீரிசைகளும் வருகின்றன. காரணம் உட்துளையின் வடிவம். அது சீவாளிப் பக்கம் குறுகி, கீழ்முனையான அணசுப் பக்கம் விரிந்துகொண்டே போகும் கூம்பு. கூம்பு வடிவக் குழாய் ஒரு பக்கம் மூடியிருந்தாலும் திறந்த குழாயின் வரிசையையே தரும். கிளாரினெட்டின் உட்துளை பெரும்பாலும் ஒரே அகலமாகப் போகிறது. அதனால் அது மூடிய குழாய். அழுத்தி ஊதி மேலே தாவினால் நாதஸ்வரம் மேல் ஸட்ஜமத்துக்குப் போகும் இடத்தில், கிளாரினெட் அதையும் தாண்டி மேல் பஞ்சமத்தில் போய் நிற்கும். புல்லாங்குழலையும் பலர் மூடிய குழாய் என்று நினைக்கிறார்கள். ஒரு முனையில் அடைப்பு இருந்தாலும் ஊதும் துளை திறந்திருப்பதால் அது திறந்த குழாய்தான்.

தேவனாம்பட்டினம், மாணவர்: மிகப் பெரிய ஆர்கன் குழாய் எவ்வளவு நீளம்?

பெரிய ஆர்கன்களில் 32 அடித் திறந்த குழாய் உண்டு. அதன் ஒலி சுமார் 16 ஹெர்ட்ஸ், காதின் கீழ் எல்லையான 20க்கும் கீழே. அடிப்படைச் சுரத்தை உடம்பு அதிர்வாக உணரும், மேற்சுரங்களைக் காது கேட்கும். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகர மண்டபத்து ஆர்கனில் 64 அடிக் குழாய் வரிசை ஒன்றும் இருக்கிறது.

கடலூர் முதுநகர், ஆசிரியை: பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகளோடு ஏதாவது செய்ய முடியுமா சார்?

தாராளமாக. உள்விட்டம் 2.5 செ.மீ. உள்ள பிவிசி குழாய் வாங்குங்கள். 1 கட்டை சுருதியில் மோகனம் வேண்டுமானால் 32.6, 28.9, 25.9, 21.5, 19.3, 15.9 செ.மீ. என்று ஆறு துண்டுகள். ஸ, ரி, க, ப, த, மேல் ஸ. இது 30 டிகிரிக்குப் போட்ட கணக்கு. ஒரு முனையை ரப்பர் செருப்பால் அடித்து, செருப்பை அப்படியே வைத்திருக்க வேண்டும். அப்போது அது மூடிய குழாய். அடித்தவுடன் எடுத்துவிட்டால் திறந்த குழாயாகி, ஏறக்குறைய ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். பிள்ளைகள் கட்டாயம் இரண்டையும் செய்து பார்க்கட்டும். மேல் ஸட்ஜமம் 32.6இல் பாதியான 16.3 ஆக இல்லாமல் 15.9 ஆக இருப்பது ஏன் என்றும் கேளுங்கள், முனைத்திருத்தம் தானாக மண்டையில் ஏறும். வெட்டும்போது அரை சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு, ஸ்ருதிப்பெட்டியோடு ஒத்துப் பார்த்துக்கொண்டே உப்புத்தாளில் தேய்த்துக் குறையுங்கள்.