கார்கள் வருமுன் வீதி யாருடையதாக இருந்தது?

கார்கள் வருவதற்கு முன் நகரத் தெருக்கள் எப்படி இருந்தன, எதிர்கால நகர வாழ்க்கை மறுபடி அதைப் போல ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மட்டக்களப்பில் வாழ்கிறவன் என்ற முறையில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

அன்றைய தெரு சுத்தமானதும் அமைதியானதுமாக இருக்கவில்லை. 1900ஆம் ஆண்டளவில் நியூயோர்க்கில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான குதிரைகள் வேலை செய்தன. ஒரு குதிரை நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும் என்றால் மழைக்காலத்தில் அந்த வீதிகள் எப்படி நாறியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 1895இல் ஜோர்ஜ் வாரிங் என்பவர் நகரத் துப்புரவுக்குப் பொறுப்பேற்று, வெள்ளைச் சீருடை அணிந்த தொழிலாளர்களை வீதியில் இறக்கிய பிறகுதான் நிலைமை ஓரளவு மாறியது. கார் வந்தபோது அதைச் சுத்தமான வாகனம் என்று பலர் வரவேற்றதில் வியப்பில்லை.

இருந்தாலும் அந்தத் தெருவுக்கு நாம் இழந்துவிட்ட ஒரு குணம் இருந்தது. 1906இல், பூகம்பத்துக்குச் சில நாட்களுக்கு முன், சான் பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் வீதியில் ஓடும் ட்ராம் வண்டியின் முன்பக்கத்திலிருந்து எடுத்த படச்சுருள் ஒன்று இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. அதில் குதிரை வண்டி, சைக்கிள், மோட்டார் கார், பத்திரிகை விற்கும் பையன்கள், நடுத்தெருவில் நிதானமாக நடந்து போகிறவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்து விலகிப் போகிறார்கள். யாரும் பெரிய வேகத்தில் போகாததால்தான் அது சாத்தியமாயிற்று.

வீதியில் இப்படி நடமாடும் உரிமை தானாகப் பறிபோகவில்லை என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1923இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், கார்கள் மணிக்கு 25 மைலுக்கு மேல் ஓடாதபடி இயந்திரத்திலேயே கட்டுப்பாட்டுக் கருவி பொருத்த வேண்டும் என்று 42,000 பேர் கையெழுத்திட்டுக் கேட்டார்கள். கார் வியாபாரிகள் திரண்டு பிரசாரம் செய்ததில் அது வாக்கெடுப்பில் தோற்றது. 1925இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரச் சட்டம், நடப்பவர் எங்கே வீதியைக் கடக்கலாம் என்று வரையறுத்தது. நடப்பவர் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது இப்படிப் பல தீர்மானங்களால்தான்.

எங்கள் ஊரின் கதை சற்று வேறு. இங்கே பழைய நெடுஞ்சாலை வாவிதான். தோணியும் துறையும் முதலில், மாட்டுக் கரத்தை அடுத்தது. ஊருக்குள் தெரு என்பது வெறும் பாதையாக மட்டும் இருக்கவில்லை. கூத்து அரங்கேறிய பிறகு, கூத்தர்கள் உடுப்போடும் சதங்கையோடும் வீட்டுக்கு வீடு போய் ஆடும் வழக்கம் எங்கள் கிராமங்களில் இருந்தது. மத்தளச் சத்தம் கேட்டதும் சனம் படலைக்கு வரும். வாகனம் பாயும் வீதியில் இதை நினைத்தும் பார்க்க முடியாது.

1924இல் கட்டிய கல்லடிப் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாகனம் வந்தால் மறுபக்கம் காத்து நிற்க வேண்டிய ஒடுங்கிய பாலம் அது. 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் திறந்து பஸ்ஸும் லொறியும் அங்கே போனபின், பழைய பாலத்தின் இரும்புச் சட்டங்களுக்கு நடுவே பின்னேரங்களில் சனம் உலாவுகிறது. பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே தண்ணீரைப் பார்க்கிறார்கள், தூண்டில் போடுகிறவர்கள் தங்கள் பாட்டில் நிற்கிறார்கள். நெருக்கமான பாலம் என்று நாங்கள் அலுத்துக்கொண்டது, வாகனங்கள் விலகியதும் ஊரின் நல்ல பொது இடங்களில் ஒன்றாகிவிட்டது.

2022 ஜூன் இறுதியில், நாட்டில் எரிபொருள் தட்டுப்பட்டு, அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் எரிபொருள் என்று அரசு அறிவித்தபோது வீதி இன்னொரு தடவை மாறியது. உத்தியோகத்தர்களும் சைக்கிளில் கந்தோருக்குப் போனார்கள். அதைக் கொண்டாட எனக்கு மனமில்லை, ஏனென்றால் அது வறுமையால் வந்த மாற்றம்; நோயாளியை ஏற்றிப்போக வழியில்லாமல் தவித்த குடும்பங்களை நாங்கள் கண்டோம். வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைச் சனத்துக்கு 2014இல் திறந்த மண்முனைப் பாலம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆகவே வாகனமே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன்.

எதிர்காலம் எப்படி இருக்கும் என்பதற்கு ஏற்கெனவே செய்து காட்டிய ஊர்களைப் பார்ப்பதே நல்லது. ஸ்பெயினின் பொந்தேவேத்ரா 1999 முதல் தன் நகர மையத்தை நடப்பவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. சியோலில் மேம்பாலச் சாலையொன்றை இடித்து, அதன் கீழே மூடிக்கிடந்த ஓடையை 2005இல் வெளியே கொண்டுவந்தார்கள். மின்சாரக் கார் வந்தால் எல்லாம் தீரும் என்று பலர் நம்புகிறார்கள். புகை குறையும், உண்மைதான், ஆனால் கார் பிடிக்கும் இடம் குறையாது. மோதும் வேகமும் குறையாது: வேகம் 30இலிருந்து 60 கிலோமீற்றராகக் கூடினால், மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது.

எங்கள் ஊர் மேடு பள்ளம் இல்லாத தரை, சைக்கிளுக்கென்றே அமைந்தது போன்றது. குறையாக இருப்பது நிழல். வீதியை அகலமாக்கும்போதெல்லாம் முதலில் வெட்டுப்படுவது ஓரத்து மரங்கள்தான். சித்திரை வெயிலில் மரமில்லாத வீதியில் நடக்கச் சொன்னால் யார் நடப்பார்? எனவே நான் கேட்பது பெரிய திட்டம் அல்ல. புளியந்தீவில் மிக்கேல் கல்லூரி, மெதடிஸ்த மத்திய கல்லூரி போன்ற பாடசாலைகளை ஒட்டிய வீதிகளில், காலையில் பாடசாலை தொடங்கும் நேரத்திலும் பகலில் விடும் நேரத்திலும் மட்டும் வாகனங்களை மறித்து, இரண்டு பக்கமும் மரம் நட்டு ஒரு வருடம் பார்க்கட்டும். பிள்ளையைக் கொண்டுபோய் விடவென்று இத்தனை மோட்டார் சைக்கிள்கள் வாசலில் முட்டி மோதத் தேவையில்லாமல் போகும். பத்து வயதுப் பிள்ளை கூட்டாளிகளோடு தானாகவே நடந்து போகும்.