குன்னூர் மாதிரி குளிரும் ஈரமும் சேர்ந்த ஊரில் வீட்டுக்கு எந்த டீஹியூமிடிஃபையர் (காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக எடுக்கும் மெஷின்) வாங்கலாம்?

கேள்வி கேட்டவர் தந்திருக்கும் விவரம் இது: குன்னூரில் பழைய ஓட்டு வீடு, வாடகை, இரண்டு படுக்கையறை. மழைக்காலத்தில் பீரோவைத் திறந்தாலே பூஞ்சை வாடை, செருப்பில் வெள்ளையாகப் பூசணம். கடையில் 12 லிட்டர், 20 லிட்டர் என்கிறார்கள். இணையத்தில் 4000 ரூபாய்க்குச் சின்னதாக ஒன்று கிடைக்கிறது. எதை வாங்குவது?

நானும் குன்னூரில்தான் இருக்கிறேன். வீட்டில் 20 லிட்டர் மெஷின் ஒன்று ஓடுகிறது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

அந்த 4000 ரூபாய்ச் சமாச்சாரத்தை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அதில் கம்ப்ரசர் கிடையாது. பெல்டியர் என்ற சிறிய தகடு ஒன்று இருக்கும். மின்சாரம் பாய்ந்தால் அதன் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். குளிர்ந்த பக்கத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேரும். புழுக்கமான அறையிலேயே ஒரு நாளைக்கு அரை லிட்டர் வந்தால் அதிகம், நம்மூர்க் குளிரில் அதுவும் வராது. மூடிய அலமாரிக்கு வேண்டுமானால் வைக்கலாம். ஆனால் அலமாரிக்கு என்றால் ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு உப்பு டப்பாவே போதும், விலையும் குறைவு. டப்பாவில் சேரும் தண்ணீர் உப்புக் கரைசல் என்பதால் பீரோவின் அடித்தட்டில் வையுங்கள். பட்டுப்புடவை மேலோ தோல் பை மேலோ கொட்டினால் அவ்வளவுதான்.

அடுத்து இந்த லிட்டர் கணக்கு. பெட்டியில் 20 லிட்டர் என்று போட்டிருந்தால், பெரும்பாலும் 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் 24 மணி நேரம் ஓடினால் கிடைக்கும் அளவு அது. சென்னையில் ஒரு மழைக்கால அறைக்கு அது ஓரளவு பொருந்தும். குன்னூரில் ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுக்குள் 15, 16 டிகிரிதான் இருக்கும். ஈரப்பத சதவீதம் என்பது, அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு; குளிர்ந்த காற்று குறைவாகத்தான் தாங்கும். 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் ஒரு கன மீட்டருக்கு 24 கிராம் தண்ணீர் இருக்கிறது. 15 டிகிரியில் அதே 80 சதவீதம் என்றால் 10 கிராம்தான். காற்றில் இருப்பதே பாதிக்கும் குறைவு, மெஷின் எங்கிருந்து 20 லிட்டர் எடுக்கும்? எங்கள் மெஷின் மழைநாளில் நான்கைந்து லிட்டர் தருகிறது. அது குறையுள்ள மெஷின் இல்லை, அந்தக் குளிரில் அவ்வளவுதான் வரும்.

அமெரிக்காவில் இதே குழப்பம் வந்துதான் 2019இல் எரிசக்தித் துறை சோதனை முறையையே மாற்றியது. அதுவரை சுமார் 27 டிகிரியில் அளந்தவர்கள், வீட்டு நிலவறைகளின் குளிருக்குப் பொருந்துகிற மாதிரி 18 டிகிரியில் அளக்கச் சொன்னார்கள். நேற்று வரை 70 பைண்ட் (ஒரு பைண்ட் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு) என்று விற்ற மெஷின் மறுநாள் 50 பைண்ட் ஆகிவிட்டது. நம் ஊரில் அப்படி எதுவும் நடக்கவில்லை. அதனால் வாங்கும்போது விவரக் குறிப்பில் 20 டிகிரியிலோ அதற்குக் கீழோ எத்தனை லிட்டர் என்று கொடுத்திருக்கிறார்களா பாருங்கள். அதைக் கொடுக்கும் கம்பெனியை நான் கொஞ்சம் கூடுதலாக நம்புவேன். கொடுக்கவில்லை என்றால் பெட்டியில் உள்ள எண்ணில் கால் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் உங்கள் வீட்டுக்கு 12 லிட்டர் பற்றாது; 20 லிட்டருக்குக் கீழே போகாதீர்கள்.

குளிரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கம்ப்ரசர் மெஷின் ஒரு குழாய்ச்சுருளைக் குளிர்வித்து, அதன்மேல் காற்றை ஓட்டி, ஈரத்தைத் தண்ணீராக்குகிறது. தண்ணீர் படிய வேண்டுமென்றால் சுருள் அறையைவிட நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். அறையே 10, 12 டிகிரிக்கு இறங்கிவிட்டால் சுருள் உறைநிலைக்குப் போய் அதன்மேல் பனிக்கட்டி படியும். அப்போது மெஷின் வேலையை நிறுத்திவிட்டு அந்தக் கட்டியைக் கரைத்துக்கொண்டிருக்கும். ஆட்டோ டீஃப்ராஸ்ட் என்று எழுதியிருப்பது இதற்குத்தான். அது இல்லாத மெஷினை மலையில் வாங்கவே கூடாது. 5 டிகிரி வரை இயங்கும் என்ற வரியும் குறிப்பில் இருக்க வேண்டும்.

இதற்கு மாற்றாக டெசிகன்ட் வகை ஒன்று இருக்கிறது. அதில் சியோலைட் என்ற கனிமம் பூசிய சக்கரம் சுழலும். அது ஈரத்தை உறிஞ்சும், உள்ளே இருக்கும் ஹீட்டர் அந்தச் சக்கரத்தைக் காயவைக்கும். பனிக்கட்டித் தொல்லை இல்லை, எடை குறைவு, கம்ப்ரசர் உறுமலும் இல்லை. ஐந்து டிகிரியிலும் கிட்டத்தட்ட அதே அளவு தண்ணீர் எடுக்கும். குளிர்நாடுகளில் கார் ஷெட்டுக்கும் சூடேற்றாத அறைக்கும் இதைத்தான் வாங்குகிறார்கள். ஊட்டியில் மார்கழி உறைபனியில் பூட்டிக்கிடக்கும் வீடு என்றால் நானும் இதைத்தான் சொல்வேன். ஆனால் நம் நாட்டில் வீட்டு உபயோகத்துக்கு இந்த வகை லேசில் கிடைக்காது, கிடைத்தாலும் பழுது பார்க்க ஆள் தேட வேண்டும். மின்சாரமும் அதிகம் இழுக்கும். ஆட்கள் புழங்குகிற வீட்டில் அறை 15 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது என்பதால் உங்களுக்குக் கம்ப்ரசரே சரி.

கரண்ட் செலவைப் பார்ப்போம். 20 லிட்டர் கம்ப்ரசர் மெஷின் சுமாராக 350 வாட். தினம் பத்து மணி நேரம் ஓட்டினால் மூன்றரை யூனிட், இரண்டு மாதத்துக்கு 210 யூனிட் வரும். டெசிகன்ட் 600 வாட் என்று வைத்தால் அதே கணக்கில் 360 யூனிட். நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடுகிறதே, அங்கேதான் கவனம் வேண்டும். கீசர் ஏற்கனவே ஓடுகிற வீட்டில் இந்தக் கோட்டைத் தாண்டுவது சுலபம். மெஷினில் ஈரப்பத அளவை நாமே வைக்கிற வசதி இருந்தால் 60இல் வைத்துவிடுங்கள், எட்டியதும் தானாக நின்றுவிடும். 45, 50 என்று குறைத்து வைத்தால் நம்மூர் மழையில் அது நிற்கவே நிற்காது, பில் மட்டும் ஏறும்.

செலவழிக்கிற மின்சாரம் முழுவதும் சூடாக அறைக்குள்ளேதான் வரும். நீராவி தண்ணீராக மாறும்போது விடுகிற வெப்பமும் அதோடு சேரும். சென்னையில் இது தலைவலி. அங்கே ஏசியை டிரை மோடில் போட்டுக்கொள்வதே மேல். குன்னூரில் அந்தச் சூடு நமக்கு லாபம். 15 டிகிரியில் 80 சதவீதம் காட்டுகிற அறையை, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட எடுக்காமல் 18 டிகிரிக்குக் கொண்டுவந்தாலே ஈரப்பதம் 66க்கு இறங்கிவிடும். பூட்டிய சின்ன அறையில் மெஷின் நன்றாக வேலை செய்வதுபோல் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்ற வசதிகளில் நான் கட்டாயம் பார்ப்பது ஆட்டோ ரீஸ்டார்ட். மலையில் மழை என்றால் மரம் விழும், கரண்ட் போகும். திரும்பி வரும்போது மெஷின் பழைய அமைப்பிலேயே தானாக ஓட வேண்டும். இல்லையென்றால் நீங்கள் வேலைக்குப் போய் மாலை திரும்பும் வரை சும்மா நின்றுகொண்டிருக்கும். அப்புறம், குழாய் மாட்டித் தண்ணீரை நேராக வெளியே விடுகிற வசதி. தண்ணீர் தானாக இறங்குவதால் மெஷின் வடிகாலைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு ஸ்டூல்மேல் வைத்தால் போதும். தொட்டியை மட்டும் நம்பினால் அது நிரம்பியதும் மெஷின் நின்றுவிடும். சர்வீஸ் கோவையிலாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வைஃபை, அயனைசர், நீல விளக்கு இதெல்லாம் விலையை ஏற்றத்தான். பார்சல் வந்ததும் உடனே பிளக்கில் செருகாதீர்கள். வளைவு வளைவாக மலையேறி வந்த பெட்டி எப்படிச் சாய்ந்து கிடந்ததோ தெரியாது. ஒரு நாள் நிமிர்த்தி வைத்துவிட்டு, கம்ப்ரசர் எண்ணெய் கீழே இறங்கியபின் போடுங்கள்.

வாங்கிப் போட்ட முதல் வாரத்தில்தான் பெரும்பாலோர் வெறுத்துப்போகிறார்கள். தொட்டி தொட்டியாகத் தண்ணீர் வரும், ஆனால் ஈரப்பதம் காட்டும் மீட்டரில் எண் அசையாது. ஏன் என்று ஒரு கணக்குப் போட்டால் புரியும். 12 அடிக்கு 12 அடி, பத்தடி உயர அறையில் சுமார் 40 கன மீட்டர் காற்று இருக்கிறது. 15 டிகிரியில் 90 சதவீதத்திலிருந்து 60க்குக் கொண்டுவர அந்தக் காற்றிலிருந்து எடுக்க வேண்டிய தண்ணீர் ஏறக்குறைய 150 மில்லி. ஒரு டம்ளர்! மீதி அத்தனையும் மெத்தையிலும் தலையணையிலும் புத்தகத்திலும் சுவர்ப்பூச்சிலும் மரச்சாமானிலும் ஊறிக்கிடப்பது. காற்று உலர உலர அவை மெதுவாக ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். அவை காயும் வரை மீட்டர் இறங்காது. ஆகவே ஒரே மெஷினை வீடு முழுக்க அலைய விடாமல், பீரோ இருக்கும் படுக்கையறையில் கதவு ஜன்னலைச் சாத்தி இரண்டு வாரம் வைத்துவிடுங்கள். பீரோ கதவு மட்டும் திறந்திருக்கட்டும். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே காற்று புகும் பழைய வீடு என்றால் மேலே சீலிங் போட்ட அறையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் நீலகிரியின் மேகம் முழுவதையும் உங்கள் செலவில் காயவைக்கிற மாதிரிதான்.

பீரோவை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். அறை நடுவில் 16 டிகிரி, 65 சதவீதம் என்று நல்ல அளவாகத் தெரியும். பீரோவுக்குப் பின்னால் சுவர் 12, 13 டிகிரியில் இருந்தால் அங்கே ஒட்டியிருக்கும் காற்றில் அதுவே 80 சதவீதம் ஆகிவிடும். பூசணத்துக்கு அது போதும்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் ஒரு சோதனை செய்து பாருங்கள், காசு செலவில்லை. ஓதம் அடிக்கிற சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக்காற்றின் ஈரம், மெஷின் உதவும். சுவரைப் பார்த்த உள்பக்கம் நனைந்திருந்தால் தண்ணீர் சுவர் வழியாக வருகிறது. மலையைச் சீவிக் கட்டிய வீடுகளில் பின்சுவர் மண்மேட்டை ஒட்டியே இருக்கும். மழைத்தண்ணீர் மண்ணில் இறங்கிச் சுவருக்குள் வரும். சுவரின் அடியில் உப்புப் பூத்து, சுண்ணாம்பு பொரிந்து விழுவது அதன் அடையாளம். அங்கே மேட்டடியில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்ப வேண்டும், உடைந்த ஓட்டை மாற்ற வேண்டும். அது வீட்டுக்காரர் செலவு. அவரிடம் பேசாமல் இருபதாயிரம் ரூபாய் மெஷினை வாங்கினால் வருஷம் பூராவும் அவருடைய மண்மேட்டை நீங்கள் பிழிந்துகொண்டிருப்பீர்கள். முதலில் அவருக்கு போன் போடுங்கள்.

மீட்டர் என்றேனே, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் போதும். சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, மீட்டரோடு ஒரு டப்பாவில் காற்றுப் புகாமல் ஒரு நாள் மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் 5 கூட்டிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள்ளேயே உற்பத்தியாகும் ஈரமும் உண்டு. ஒரு லோடு துணியை உள்ளே கொடியில் காயப்போட்டால் இரண்டு லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கும். மழையில் வேறு வழியில்லை என்றால் மெஷின் இருக்கும் அறையிலேயே காயப்போடுங்கள், வாடையில்லாமல் காயும். கேஸ் ஹீட்டர் வேண்டாம். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும், சூடேற்றுகிறேன் என்று ஈரத்தைக் கூட்டும். சாத்திய அறையில் கரிச்சட்டி வைப்பதைப் பற்றிக் கனவிலும் நினைக்காதீர்கள். அந்தப் புகையில் தூக்கத்திலேயே உயிர்விட்டவர்கள் பற்றி மலைப்பக்கச் செய்திகளில் அவ்வப்போது வருகிறது.

தொட்டித் தண்ணீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வேண்டாம். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தாலும் அறைத் தூசியும் சுருளின் உலோகமும் கலந்தது, குடிக்கவும் கூடாது. வீடு துடைக்கலாம், பாத்ரூமில் ஊற்றலாம்.