படகுக்கு விழுந்த வாக்குகள் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

மாகாண சபைகள் பற்றிய தங்கள் கட்டுரையில், விடுதலைப் புலிகளிலிருந்து பிரிந்தோர் கிழக்கில் தொடங்கிய தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சியை, கொழும்பில் ஆட்சியிலிருப்போரின் நிழல் என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்திருந்தீர்கள். நிழலுக்கு யாரும் வாக்களிப்பதில்லை. 2020இல் என் தந்தையாரும் எங்கள் ஊரில் வேறு பலரும் அக்கட்சியின் சின்னமான படகுக்கே புள்ளடி இட்டார்கள். மட்டக்களப்பு மாவட்டம் முழுவதும் 67,692 வாக்குகள் விழுந்தன. அது கிழக்குத் தமிழரின் தனித்த உணர்வு அல்லவா? அவ்வாறாயின், நான்கே ஆண்டுகளில் அது எங்கே போயிற்று?

– ஒரு வாசகர், கொக்கட்டிச்சோலை

அன்புடையீர்,

அந்த வரி அவசரத்தில் எழுதப்பட்டது. ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அதற்குப் பதிலாகத் தாங்கள் முன்வைக்கும் 'தனித்த உணர்வு' என்ற விளக்கத்தையும் என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. இந்தக் கட்சி பெற்ற வாக்கை அளக்க வேண்டுமானால், வாக்குச்சீட்டில் படகு தனியாக நின்ற தேர்தல்களை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். மற்றவற்றில் யாருடைய வாக்கு யாருடையது என்று பிரிக்க இயலாது.

2008ஐ முதலில் ஒதுக்கிவிடலாம். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் மட்டக்களப்பு மாவட்டத்தின் எட்டுப் பிரதேச சபைகளையும் இக்கட்சி கைப்பற்றியது. மாநகர சபையில், அன்று ஆட்சியிலிருந்த ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பின் வெற்றிலைச் சின்னத்தின் கீழ் பங்குபெற்றது. தமிழரசுக் கட்சி போட்டியிடாத, ஐக்கிய தேசியக் கட்சி ஒதுங்கியிருந்த, ஆயுதம் தாங்கியோர் வீதியில் நின்ற ஒரு தேர்தலின் முடிவை மக்களின் விருப்பமாகக் கொள்வது எவருக்கும் நியாயம் செய்யாது. மே மாதம் நடந்த கிழக்கு மாகாண சபைத் தேர்தலிலும் வெற்றிலைதான். 37 ஆசனங்களில் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 20ஐப் பெற்றது. முதலமைச்சர் முஸ்லிம் அரசியல்வாதியான ஹிஸ்புல்லாஹ்வா, இக்கட்சியின் தலைவரும் பிள்ளையான் என்று அழைக்கப்படுபவருமான சிவநேசதுரை சந்திரகாந்தனா என்ற இழுபறியின் பின்னர் பிள்ளையான் பதவியேற்றார்.

2010 பொதுத் தேர்தல்தான் முதல் உண்மையான அளவை. கட்சியைத் தொடங்கிய கருணா அம்மான் அதற்கு முந்தைய ஆண்டே ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியில் இணைந்துவிட்டார். பிள்ளையானோ மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். வீதி, கட்டடம், நியமனம் என எல்லாவற்றையும் கையில் வைத்திருந்த ஒருவரின் கட்சி தனித்துப் போட்டியிட்டு 16,886 வாக்குகளை மட்டுமே பெற்றது. ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. பதவியால் வாக்கு வரும் என்ற கணக்கு அன்றே பிழைத்தது. 2012 மாகாண சபைத் தேர்தலிலும் 2015 பொதுத் தேர்தலிலும் அவர்கள் மீண்டும் வெற்றிலைக்குள் சென்றார்கள். 2015இல் தமிழரசுக் கட்சியின் வீடு 127,185 வாக்குகளுடன் மூன்று ஆசனங்களை எடுத்தது. வெற்றிலைக்கு ஒன்றும் இல்லை. அதே ஆண்டு ஒக்டோபரில், 2005 நத்தார் நள்ளிரவு ஆராதனையில் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் கொல்லப்பட்ட வழக்கில் பிள்ளையான் கைதானார்.

இனித் தங்கள் 2020. தடுப்புக் காவலில் இருந்தபடியே அவர் போட்டியிட்டு 54,198 விருப்பு வாக்குகளுடன் வென்றார். வழக்கைத் தொடரப்போவதில்லை எனச் சட்டமா அதிபர் அறிவித்ததையடுத்து அவர் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டது 2021 ஜனவரியில். ஆகவே, விடுதலையை எண்ணி மக்கள் வாக்களித்தார்கள் என்று சொல்வதற்கில்லை. அத்தேர்தலில் வீட்டுக்கு 79,460 வாக்குகளே விழுந்தன. ஐந்தாண்டுகளில் அது 47,725 வாக்குகளை இழந்திருந்தது. என் பார்வையில் படகின் கதை இந்த இழப்பிலிருந்தே தொடங்குகிறது. தமிழரசுக் கட்சி அங்கம் வகித்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு நான்கு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு அரசாங்கத்தைத் தாங்கிப் பிடித்தும், தமிழர் நெடுங்காலம் கேட்டுவந்த கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைக்கூடத் தரமுயர்த்த முடியவில்லையே என்ற ஆற்றாமை. 2019இல் ஹிஸ்புல்லாஹ் ஆளுநரானபோது எழுந்த எதிர்ப்பு. அவ்வாண்டு உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நிகழ்ந்த குண்டுத் தாக்குதல். இவை ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்த மாவட்டத்தில், வீட்டின் மீதான கோபத்துக்கு ஒரு தமிழ்ச் சின்னம் தேவைப்பட்டது. படகு அதற்குக் கைகொடுத்தது. தங்கள் தந்தையாரின் புள்ளடியில் கிழக்கு என்ற உணர்வே இல்லை என்று நான் சொல்லவில்லை. மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரைக்கும் மேற்குக் கரையான படுவான்கரைக்கும் இடையிலேயே எத்தனையோ மனத்தாங்கல்கள் இருக்கும்போது, வடக்குத் தலைமையின் மீது இல்லாமல் போகுமா? ஆனால் அந்த உணர்வு 2010இலும் இருந்தது. கோபம்தான் புதிது.

(அம்பாறையில் அதே கோபம் என்ன செய்தது என்பதையும் மறக்கக் கூடாது. அங்கே கருணா அம்மான் 29,379 வாக்குகளைப் பெற்றார். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அதைவிடக் குறைவாகப் பெற்றது. வாக்குப் பிளந்து, மாவட்டத்தில் ஒரு தமிழர்கூடத் தெரிவாகவில்லை. தேசியப் பட்டியலால்தான் ஓர் ஆசனத்தை ஈடுசெய்ய வேண்டியிருந்தது.)

நான்கு ஆண்டுகளில் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு வருகிறேன். 2024 நவம்பரில் படகு பெற்றது 31,286 வாக்குகள். அதாவது 36,406 வாக்குகள் குறைந்தன. வீடு 96,975ஆக உயர்ந்தது, ஆனால் அந்த உயர்வு 17,515 மட்டுமே. ஆகவே, போனவர்கள் அனைவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள் என்று கொள்ள முடியாது. அப்போது ஆட்சியிலிருந்த தேசிய மக்கள் சக்தி இங்கே 55,498 வாக்குகளைப் பெற்றதை அருகில் வைத்துப் பார்த்தால் மீதிக் கணக்கு ஓரளவு புரியும். நாட்டின் 22 தேர்தல் மாவட்டங்களில் அக்கட்சி அன்று முதலிடம் பெறாதது மட்டக்களப்பில் மட்டுமே. எனினும், ஆட்சியிலிருப்போருடன் நின்று வேலை செய்து தருவோம் என்ற வாதத்தை அது படகிடமிருந்து பறித்துக்கொண்டது. பிள்ளையான் அதற்குள் இராஜாங்க அமைச்சராகவும் இருந்து முடித்திருந்தார். எதிர்ப்பு வாக்கைப் பெற்று வந்தவர் அரசாங்கத்தின் ஆளாகிவிட்ட பின்னர், எதிர்ப்பாளருக்கு அங்கே என்ன வேலை?

ஆசனக் கணக்கையும் ஒரு சொல்லில் சேர்த்துவிடுகிறேன், ஏனெனில் அது பலரை மயக்குகிறது. மாவட்டத்துக்கு ஐந்து ஆசனங்கள். ஒன்று முதலாவதாக வந்த கட்சிக்குப் போனசாகப் போகும். எஞ்சிய நான்கையும் பங்கிடும்போது முழுப் பங்குக்குப் பின் மிஞ்சும் வாக்குகளில் பெரியதற்கு முன்னுரிமை. அதனால்தான் 2020இல் 67,692 வாக்குகள் பெற்ற படகுக்கும் 33,424 வாக்குகள் பெற்ற பொதுஜன பெரமுனவின் மொட்டுக்கும் ஆளுக்கொரு ஆசனம். 2024இல் படகின் 31,286ஐ வீட்டின் மிச்ச வாக்கு முந்திக்கொண்டு, அதன் மூன்றாவது ஆசனத்தை எடுத்தது.

அடுத்த பதிப்பில் அந்த 'நிழல்' வரியை நீக்கிவிட்டு, 2010, 2020, 2024 ஆகிய மூன்று எண்களையும் சேர்க்கிறேன். தங்கள் தந்தையார் 2024இல் எந்தச் சின்னத்துக்குப் புள்ளடி இட்டார் என்று தாங்கள் எழுதவில்லை. அவர் சொல்ல விரும்பினால் அறிய ஆவல்.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து