குவைத்தில் ஞாயிறு ஆராதனையும் நைட் டியூட்டியும்

தம்பி, மனைவிக்கு நர்ஸ் வேலை, ஞாயிறு உங்களுக்கும் ஆபீஸ், ஆலயம் போய் 2 மாதம் ஆகிறது, அதிலேயே சண்டை என்று எழுதியிருக்கிறீர்கள். குவைத்தில் வெள்ளி, சனிதான் வார விடுமுறை. அதனால் வெள்ளி ஆராதனைதான் இங்கே நம்மில் பலருக்கு ஞாயிறு ஆராதனை. குவைத் சிட்டி நேஷனல் எவாஞ்சலிக்கல் சர்ச் வளாகத்தில் பல மொழிச் சபைகள் கூடுகின்றன. சீக்கிரம் கிளம்புங்கள், பார்க்கிங் லேசில் கிடைக்காது.

ஆனால் நைட் டியூட்டி முடித்து வந்தவரை எழுப்பி இழுத்துப் போகாதீர்கள். நான் என் மனைவியை அப்படி இழுத்துப் போனேன். பிரசங்கத்தின் நடுவே என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டாள். வீடு வரும்வரை பேச்சே இல்லை. இப்போது அவளுடைய டியூட்டி அட்டவணை (ரோஸ்டர்) வந்ததும் பிரிட்ஜில் ஒட்டிவிடுவோம். வெள்ளி ஆஃப் கிடைக்காத வாரம், டியூட்டி பஸ் வருமுன் சமையலறையிலேயே பைபிளிலிருந்து ஒரு சங்கீதம், ஒரு ஜெபம். அப்புறம் டிபன் பாக்ஸ் கட்டுவது நான்.